கலுங்கு வரை, சுமைதாங்கி வரை

நோவு எப்படியிருக்கிறது என்று அவர் யாரிடமும் கேட்டதில்லை. அவருடைய கேள்வி ஒன்றுதான். “எதுவர?” எதுவரைக்கும் நடந்தீர்கள் என்று அர்த்தம். கலுங்கு வரை என்று சொன்னால் எழுதிக்கொள்வார். கொஞ்ச தூரம் என்று சொன்னால் பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடி நிற்பார். கொஞ்சம் என்கிற ஊர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று விசாரிப்பார். வந்தவர் யோசித்து ஒரு மரத்தையோ மதிலையோ சொல்லும்வரை அந்தப் பென்சில் இறங்காது.

எங்கள் மிஷன் ஆஸ்பத்திரியில் அவர் கம்பவுண்டர். ஆஸ்பத்திரி என்றால் இரண்டு அறையும் ஒரு வராந்தாவும், இரணியலுக்குத் தெற்கே மணவாளக்குறிச்சிக்குப் போகும் பாதையில். டாக்டர் மாதம் ஒருமுறை வருவார். மற்ற நாளெல்லாம் இவருடைய ராஜ்ஜியம். பெயரை எழுதப்போவதில்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். அவர்களில் ஒருத்தி என்னிடம் படித்தவள். பெயரை விட்டுவிடுவதால் அவருக்கு மரியாதை செய்கிறேன் என்று யாரும் எண்ணிக்கொள்ள வேண்டாம்.

அவரிடம் ஒரு பெட்டி இருந்தது. முன்பிருந்த வெள்ளைக்கார டாக்டர் சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போன தேக்குப் பெட்டி. மூடியைத் திறந்தால் உள்ளே லாடம் போல வளைந்த காந்தம், அதன் முன்னால் கம்பி சுற்றிய இரண்டு உருளைகள், வெளியே ஒரு கைப்பிடி. கைப்பிடியைச் சுற்றினால் கரண்டு வரும். இரண்டு கம்பிகளின் நுனியிலும் பித்தளைத் தகடு உண்டு. உப்புத் தண்ணீரில் நனைத்த துணியை அவற்றில் சுற்றி, கால்முட்டுக்கு இரண்டு பக்கமும் வைத்துக் கட்ட வேண்டும். மெல்லச் சுற்றினால் எறும்பு ஊரும். வேகம் கூடினால் தொடைச் சதை தானாகத் துள்ளும். முப்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் பக்கம் மின்சார விளக்கே வந்திருக்கவில்லை. கரண்டு என்ற சொல்லை எங்கள் ஊர் அந்தப் பெட்டியிடமிருந்துதான் கற்றுக்கொண்டது. மின்னலைப் பிடித்து அடைத்து வைத்திருக்கிறார் என்று பேச்சு. அப்படியானால் இடி எங்கே என்று கேட்ட ஒரு பெரியவரிடம், சொல்லி விட்டிருக்கிறேன், பின்னால் வரும் என்றாராம்.

யாருக்கு வைப்பதானாலும் முதலில் தன் மணிக்கட்டில் வைத்துப் பார்ப்பார். “ம், உண்டு” என்பார். அதன் பிறகுதான் மற்றவருக்கு. பொறுக்க முடியாத நோவு என்று யாராவது சொல்லிவிட்டால் அவருக்குப் பிடிக்காது. பொறுத்துக்கொண்டுதானே இங்கே வந்து சேர்ந்தீர்கள் என்பார். சிவப்புக் காலிகோத் துணி ஒட்டிய நீள நோட்டு ஒன்று வைத்திருந்தார். மேலே ‘முட்டு’ என்று மட்டும் எழுதியிருக்கும். பென்சில் நூலில் கட்டி அதிலிருந்தே தொங்கும். ஒரு பக்கம் ஆளின் பெயர், எதிர்ப்பக்கம் மாதமும் இடமும். அவ்வளவுதான்.

அந்த நோட்டின் பெருமைக்கு ஒரு கதை உண்டு. ஆரல்வாய்மொழிப் பக்கத்து வயல்காரர் ஒருவர் இரண்டு மாதமாக வண்டி கட்டி வந்துகொண்டிருந்தார். ஒருநாள், உன் பெட்டியால் உப்புக்குப் பிரயோஜனம் இல்லை என்று வராந்தாவில் நின்று சத்தம் போட்டார். இவர் நோட்டை விரித்தார். முதல் நாள் வண்டி படிக்கட்டு வரை வந்தது, மூன்றாம் வாரம் வாசல் வரை வந்தது, இன்றைக்கு வண்டி எங்கே என்று கேட்டார். வண்டி சாலைக்கு அந்தப் பக்கம் புளியமரத்தடியில் நின்றது. மாட்டுக்கு நிழல் வேண்டும் என்று அங்கேயே அவிழ்த்துப் போட்டுவிட்டு மனிதர் நடந்து வந்திருக்கிறார், தான் நடந்ததே தெரியாமல். அடுத்த வாரம் ஒரு குலை மட்டிப்பழம் வந்தது. அதை வராந்தாவில் தொங்கவிட்டு, வருகிறவர்கள் எல்லாரும் பிய்த்துத் தின்னட்டும் என்று விட்டுவிட்டார். இப்படிப்பட்ட ஆளை யார் நம்பமாட்டார்கள்? நானும் நம்பினேன். என் அம்மா என்னைவிட அதிகமாக நம்பினாள்.

அம்மா பைபிள் ஸ்திரீ. மிஷன் சம்பளத்தில் வீடு வீடாக நடந்து பெண்களுக்கு எழுத்தும் வேதமும் சொல்லிக்கொடுக்கிற வேலை. அப்பா போன பிறகு அந்த வேலைதான் எங்களுக்குச் சோறும் கூரையும். நாங்கள் இருந்த இரண்டறை வீடு மிஷனுடையது, பைபிள் ஸ்திரீக்கென்று விட்டது. நடக்க முடியாதவளுக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவளுக்கு வீடும் இல்லை. யாரும் எழுதி வைக்காத சட்டம், எல்லாருக்கும் தெரியும்.

அம்மாவின் வழி நாலு மைல். வீட்டிலிருந்து ஓடை மதகான கலுங்கு, அதைத் தாண்டிப் பனைவிளை, பிறகு சுமைதாங்கிக் கல், பிறகு குளத்தங்கரை, கடைசியில் மணவாளக்குறிச்சிக் கருமணல். அந்த மணலை அள்ளிக் கூடையில் சுமக்கிற பெண்களின் குடிசைகள்தான் வழியின் முடிவு. இருபது வருஷம் போய்வந்தாள். மணலில் விரலால் எழுதிக்காட்டியே அந்தப் பெண்களில் பாதிப்பேருக்குப் பெயரெழுதச் சொல்லிக்கொடுத்தவள். ஐம்பது தாண்டியபோது இரண்டு முட்டும் தேய்ந்துவிட்டன. உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் நடக்க முடியாது. ஓர் ஆவணியில் கலுங்கு வரை போய், அங்கே ஒரு வீட்டில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

மாதக் கடைசியில் வேலைப் புத்தகம் எழுதி துரைசானிக்கு அனுப்ப வேண்டும். பைபிள் ஸ்திரீகளை மேற்பார்த்த வெள்ளைக்கார அம்மாளை நாங்கள் துரைசானி என்றுதான் சொல்வோம். அம்மா ஊர்களைச் சொல்வாள், நான் எழுதுவேன். எனக்கு அப்போது இருபது வயது. பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். அந்த ஆவணிக் கடைசியில் அம்மா வழக்கம்போல எல்லா ஊரையும் சொன்னாள். கருமணலுக்கு நான்கு முறை என்றாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தபடி, “எழுது மக்கா” என்றாள். எழுதினேன். பொய் அவளுடையது என்றாலும் கையெழுத்து என்னுடையது, அதை நான் மறைக்கவில்லை.

புரட்டாசியில் அவளைக் கம்பவுண்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். பெண்களுக்குக் கரண்டு வைக்கும்போது நடுவில் ஒரு வெள்ளைத் திரை கட்டுவார். பெண்பிள்ளையின் கால்முட்டை அந்நிய ஆண் தொடக்கூடாது, பார்க்கவும் கூடாது. பெட்டியோடு அவர் திரைக்கு அந்தப் பக்கம். கம்பிகள் மட்டும் திரைக்கு அடியில் எங்கள் பக்கம் வரும். கூட வந்த பெண் ஈரத்துணியை வைத்துக் கட்ட வேண்டும். முதல் நாளே ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

“கரண்டு எலும்பப் புதுசாக்காது, அக்கா. நோவுக்க வாயக் கொஞ்ச நேரம் பொத்தும். அந்த நேரத்துல நாலு எட்டு கூட வைக்கலாம். அம்புட்டுதான்.”

அந்த ஒரு பேச்சிலேயே அம்மா அவரிடம் விழுந்துவிட்டாள். மருந்து விற்கிற எவனும் தன் மருந்தைக் குறைத்துச் சொல்லி அவள் கேட்டதில்லை. கைப்பிடி சுற்றத் தொடங்கியதும் அவள் தொடை துள்ளியது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேதப் புத்தகம் பிடித்த நாளிலிருந்து அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது குறைவு. திரைக்கு அந்தப் பக்கம் அவரும் சிரித்தார்.

“எதுவர?” என்று கேட்டார். “கலுங்கு வர” என்றாள் அம்மா. ஆவணியில் எதுவரை என்றும் கேட்டார், அதுவும் கலுங்குதான். பென்சில் கீறுகிற சத்தம் கேட்டது.

திரை ஒரு பெரிய வசதி. முகம் தெரியாத இடத்தில் மனுஷருக்கு உண்மை வந்துவிடுகிறது. ஊரில் எல்லாருக்கும் விலாங்கு போல வாலையும் தலையையும் மாற்றி மாற்றிக் காட்டிக்கொண்டிருந்த அம்மா, அந்தத் துணிக்கு முன்னால் மட்டும் உள்ளதை உள்ளபடி சொன்னாள். செவ்வாய்க்கிழமை தோறும் போனோம். ஐப்பசி மழையில் பனைவிளை வரை போனாள். உபகாரம் இல்லையென்று நான் சொல்லமாட்டேன். கரண்டு வைத்த அன்றும் மறுநாளும் அவளால் படி இறங்க முடிந்தது. மாசியில் சுமைதாங்கி வரை எட்டிவிட்டாள். அதற்கு மேல் போகவில்லை. கருமணலை அவள் பார்த்து ஆறு மாதம் ஆகியிருந்தது. வேலைப் புத்தகத்தில் மாதம் நான்கு முறை போய்க்கொண்டிருந்தாள்.

அவரை அம்மா அதற்குள் தம்பி என்று கூப்பிடத் தொடங்கியிருந்தாள். ஒருநாள் வேலைப் புத்தகத்தைப் பற்றியும் அவரிடம் சொல்லிவிட்டாள். நான் எவ்வளவோ கண்ணைக் காட்டினேன். ஊருக்கு மறைக்க அவளால் முடிந்தது, அந்தத் திரையிடம் மறைக்க முடியவில்லை.

“தம்பி, உங்க நோட்டு துரைசானிக்க கண்ணுல பட்டா எனக்க கஞ்சி போச்சு.”

கைப்பிடி நின்றது.

“இது நோவுக்க நோட்டு, அக்கா. பெட்டிய விட்டு வெளிய போவாது. நான் இருக்கப்பட்ட வர போவாது.”

அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. சொன்ன சொல்லைக் காப்பவர் என்று அவருக்கு ஊரில் பெயர். அன்றைக்கு எனக்கும் நெஞ்சு லேசானது.

நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்று சொல்வார்கள். அறுக்கிறவன் கையில் கத்தியோடு வருவான் என்று நினைத்திருந்தேன். இவர் கையில் இருந்தது ஒரு பென்சில்.

பழைய பெட்டியின் காந்தம் சோர்ந்துகொண்டு வந்தது. எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் எறும்புதான் ஊர்ந்தது, சதை துள்ளவில்லை. மெட்ராஸில் பாட்டரிப் பெட்டி வந்திருக்கிறது, கைப்பிடியே வேண்டாம், ஒரு குமிழைத் திருகினால் போதும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். அதன் பிறகு அவருக்கு வேறு பேச்சில்லை. சித்திரையில் மிஷனின் வருஷக் கூட்டம். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் அதற்கு வருவார். கரண்டால் முட்டு நோவு தீரும் என்று அவருக்குக் காட்டிவிட்டால் புதுப்பெட்டி கிடைக்கும்.

கூட்டத்துக்கு டீச்சர்கள், உபதேசியார்கள், பைபிள் ஸ்திரீகள் எல்லாரும் போக வேண்டும். அம்மாவும் நானும் பெண்கள் பக்கத்துப் பாயில் இருந்தோம். அம்மா சுவரில் சாய்ந்து காலை நீட்டியிருந்தாள். கம்பவுண்டர் சலவைக் கோட்டு போட்டுக்கொண்டு எழுந்து நின்றார். கையில் சிவப்பு நோட்டு. அதைப் பார்த்ததும் அம்மா நீட்டிய காலை மடக்கப் பார்த்தாள்.

நம்முடைய ஊழியக்காரியே சாட்சி என்று சொல்லி, அம்மாவின் பெயரைச் சொன்னார். பிறகு வாசித்தார். ஆவணி, கலுங்கு வரை. புரட்டாசி, கலுங்கு வரை, திரும்பும்போது மூன்று இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து. ஐப்பசி, பனைவிளை வரை. மாசி, சுமைதாங்கி வரை. ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்தி, வேதத்தில் சங்கீதம் வாசிப்பதுபோல வாசித்தார். எல்லாம் உண்மை. கடைசி வரிக்கு வந்தபோது குரலை உயர்த்தினார். பங்குனி, கருமணல் வரை. நோவு இல்லை.

அது பொய். பங்குனியில் அம்மா சுமைதாங்கி வரைதான் போனாள். போய்வந்த அந்தச் செவ்வாய்க்கிழமை ஈரத்துணியைக் கட்டியவள் நான். “சுமைதாங்கி வர” என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது. திரைக்கு அந்தப் பக்கம் பென்சில் கீறியதும் விழுந்தது. அந்தப் பென்சில் என்ன எழுதியது என்பதைச் சித்திரையில்தான் தெரிந்துகொண்டேன்.

கூட்டம் ஸ்தோத்திரம் சொன்னது. டாக்டர் தலையை ஆட்டினார். துரைசானி மட்டும் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, பக்கத்திலிருந்த கட்டைப் பிரித்து வேலைப் புத்தகங்களைப் புரட்டினாள். ஆவணியில் கருமணலுக்கு நான்கு முறை என்று இதில் இருக்கிறதே, எது சரி என்று கேட்டாள். அம்மாவைக் கேட்கவில்லை. அவரைக் கேட்டாள்.

அவர் அப்போதுதான் அம்மாவைப் பார்த்தார். கொடுத்த வாக்கு அந்த நிமிஷம் அவருக்கு நினைவு வந்தது என்று நான் சத்தியம் செய்வேன். முகம் அப்படி வெளிறியது. நோயாளி சொன்னதை எழுதினேன், குறைத்துச் சொல்லியிருக்கலாம் என்று ஒரு வார்த்தை போதும். அம்மா பிழைத்திருப்பாள். ஆனால் ஆவணி ஆடினால் பங்குனியும் ஆடும், பங்குனி ஆடினால் புதுப்பெட்டி வராது. கோட்டுப் பொத்தானைத் தடவிக்கொண்டு நின்றார்.

“அம்மா, எனக்க நோட்டு தப்பாது” என்றார் துரைசானியிடம்.

பங்குனி பொய் என்று சொல்ல நான் எழுந்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

“இரி மக்கா. பங்குனி பொய்யின்னா இண்ணைக்கே வீட்ட விட்டு எறங்கணும்.”

அவள் கணக்குச் சரியாகத்தான் இருந்தது. கமிட்டி கூடிப் பேசித் தீர்ப்பு சொன்னது. ஏழு மாதம் பொய் எழுதியது பெரும் பாவம். ஆனாலும் கர்த்தர் கரண்டு மூலமாக அவளுக்குக் காலைத் திருப்பிக் கொடுத்திருப்பதால் மன்னிப்பு. இனி வாரம் இரண்டு முறை கருமணலுக்குப் போய், அங்குள்ள உபதேசியாரிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும். அவர் எழுதிய பொய்யை அம்மா தன் காலால் நடந்து மெய்யாக்க வேண்டும் என்று ஆகிவிட்டது.

நடந்தாள். சித்திரையும் வைகாசியும் கருமணல் எப்படிக் கொதிக்கும் என்று அதில் கால் வைத்தவர்களுக்குத் தெரியும். சனிக்கிழமைகளில் நானும் கூடப் போனேன். சுமைதாங்கியில் வழிப்போக்கர்கள் தலைச்சுமையை இறக்கி வைப்பார்கள். அம்மா தன்னையே அந்தக் கல்லில் சாய்த்துக்கொண்டு நிற்பாள். கல் சூடாக இருக்கும், அப்படியும் நிற்பாள். கரண்டு வைத்துக்கொள்ளப் போகலாம் என்றேன். வேண்டாம் என்றாள். அவரைத் திட்டிக்கொண்டே நடந்தேன். அவள் ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொல்லவில்லை. குடிசைப் பெண்கள் எட்டு மாதம் கழித்து அவளைக் கண்டு ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். அதில் அவளுக்குச் சந்தோஷம் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

ஏழாவது வாரம் மணலில் கால் புதைந்து முட்டு திரும்பிவிட்டது. மணல் சுமக்கிற பெண்கள் ஒரு மீன்வண்டியில் பாய் விரித்துப் படுக்கவைத்து, தாங்களே தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் சேர்த்தார்கள். முட்டு பலாக்காய் அளவு வீங்கியிருந்தது. இனி முற்றத்தைத் தாண்டக்கூடாது என்றார் டாக்டர். ஆடி பிறப்பதற்குள் வீட்டைக் காலி செய்து கொடுக்கும்படி மிஷனிலிருந்து கடிதம் வந்தது.

அதற்குள் மெட்ராஸிலிருந்து வந்துவிட்ட அந்தப் புதுப்பெட்டி பிறகு எத்தனையோ பேருக்கு உதவியது. குளச்சலிலிருந்தும் வந்தார்கள், நாகர்கோவிலிலிருந்தும் வந்தார்கள், நடந்து திரும்பிப் போனார்கள். அவருடைய அடக்க ஆராதனையில் அதைச் சொல்லி அழுதவர்கள் உண்டு. எனக்கும் தெரியும். அந்த முட்டுகளில் ஒன்றுகூட என் அம்மாவுடையது இல்லை.

நாங்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் அவர் வீட்டுக்கு வந்தார். புதுப்பெட்டியைத் தானே தலையில் வைத்துச் சுமந்து வந்திருந்தார். வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று என்னைக் கேட்டார். நான் பாயைச் சுருட்டிக் கட்டிக்கொண்டே இருந்தேன். வரச்சொல்லு என்றாள் அம்மா. பெட்டியை இறக்கினார். மேலே சிவப்பு நோட்டு இருந்தது. குமிழைத் திருகித் தன் மணிக்கட்டில் வைத்துப் பார்த்தார். “ம், உண்டு” என்றார். என்னிடம் உப்பும் தண்ணீரும் கேட்டு, துணியை நனைத்தார்.

எங்கள் வீட்டில் திரை கிடையாது. நடுவில் ஒன்றும் இல்லாமல் அவர் அம்மாவின் முன்னால் நின்றது அதுதான் முதல் தடவை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பெட்டியைப் பார்த்தார், பிறகு கட்டி வைத்த பாத்திரங்களைப் பார்த்தார். பழக்கம் விடவில்லை. கை நோட்டைத் தேடி விரித்தது, நூலில் தொங்கிய பென்சிலைப் பிடித்தது.

“எதுவர நடந்திய, அக்கா?”

அம்மா முந்தானையை இழுத்துக் கால்முட்டை மூடிக்கொண்டாள். அவருடைய முகத்தை நேராகப் பார்த்தாள்.

“நீங்க எழுதின எடம் வர, கம்பவுண்டரே.”

நனைத்த துணியிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் பென்சிலை நோட்டின் மேல் வைத்தபடி வெகுநேரம் நின்றார். அன்று எதையும் எழுதிக்கொள்ளவில்லை.